முழுக் காய்

— சரியா ஞாபகம் இருக்கான்னு எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு மேடம். ஆனா இந்த பஸ் டெப்போவுல நான் போர்மேனா வந்ததுலேருந்து, ஆயுத பூசைக்குப் பொம்பள கையால பூசணிக்காய் உடைச்சதா நெனப்பு இல்ல.

— எப்படிண்ணே இருக்கும்? எனக்கு முன்னாடி எந்தப் பொம்பள இங்க மேனேஜரா வந்தா?

— அதுவும் சரிதான். தேவயானி மேடம்தான் மொத ஆளு, பாத்துக்கங்க.

— வருஷா வருஷம் யாரு உடைக்கிறது?

— மேனேஜர்தான். காயி மேல சூடம் ஏத்தி, வண்டிங்களுக்கு முன்னாடி சுத்தி, கேட்டு வாசல்ல ஓங்கிப் போடுவாரு. அப்புறம்தான் மொத வண்டி வெளிய போவும்.

— அப்ப நான்தான் உடைக்கணும்.

— மொதல்ல வண்டிங்களுக்கு மாலையக் கட்டிடலாம் மேடம்.

— என்ன கண்ணையண்ணே, பேச்ச மாத்துறீங்க?

— எப்படிச் சொல்றதுன்னு பாக்குறேன். வண்டிக்குப் பொட்டு வைங்க, மாலை போடுங்க, தீபாராதனை காட்டுங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பூசணிக்காய் மட்டும் பொம்பளைங்க உடைக்கக் கூடாதும்பாங்க. உங்க வூட்டுலயும் அப்படித்தான இருக்கும்?

— எங்க வூட்டுல மாமனாரு உடைப்பாரு. அது வூடு. இது என் டெப்போ.

— நான் ஒண்ணும் சொல்லலைங்க. நம்ம ஜெயசீலன்தான்…

— தா.பழூர் வண்டி டிரைவரா?

— அவருதான். மொத வண்டியே அவரோடதுதான். மேடம் காய் உடைச்சா வண்டிய எடுக்க மாட்டேங்குறாரு. அவரு உக்காந்தா கூட நாலு பேரு உக்காருவாங்க, பாத்துக்கங்க.

— அவரு மாதா கோயில் இருக்குற ஏலாக்குறிச்சிக்காரராச்சே. கண்ணாடிக்கு முன்னாடி மாதா படம் வச்சிருக்காரு. அவருக்குப் பூசணிக்காய்ல என்னண்ணே?

— நானும் அதத்தான் கேட்டேன். ‘மாதா என்னையப் பாத்துக்கும், வண்டிய யாரு பாத்துக்குறது’ங்குறாரு.

— நல்லா இருக்கு!

— சிரிக்காதீங்க மேடம். நாளைக்கே விக்கிரமங்கலம் பக்கம் ஒரு லாரிக்காரன் உரசிட்டான்னு வைங்க. லாரிக்காரன யாரும் திட்ட மாட்டாங்க. பொம்பள உடைச்ச காயி, அதான் இப்படின்னு ஆரம்பிச்சிடுவாங்க. விபத்தில்லாத டெப்போன்னு கேடயம் வாங்கியிருக்கோம், அந்தா உங்க தலைக்கு மேலதான் தொங்குது. பொம்பள கை படாம அந்தக் காய அவ்வளவு சுத்தமா வச்சிருந்தோம்.

— கேடயம் பூசணிக்காய்க்கா குடுத்தாங்க? ஒவ்வொரு வண்டிக்கு அடியிலயும் படுத்து பிரேக் பாத்தீங்களே, உங்களுக்குக் குடுத்ததுன்னுல்ல நெனச்சிக்கிட்டிருக்கேன்.

— பிரேக் பாக்குறது என் வேலைங்க மேடம், அதுக்கா கேடயம் குடுப்பாங்க?

— சரி, உங்க யோசனைதான் என்ன?

— ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். கோவிச்சிக்கக் கூடாது.

— சொல்லுங்க.

— பெரம்பலூருக்குப் போன் போட்டு உங்க வூட்டுக்காரர வரச் சொல்லிட்டேன். மேடத்துக்குப் பதிலா சார் உடைச்சுட்டா யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. கேட்டுகிட்ட வேட்டி சட்டையில நிக்கிறாரு, பாத்துக்கங்க.

— செந்தில் வந்திருக்காரா? மெடிக்கல் ஷாப்ப என்ன பண்ணாரு?

— பூட்டிட்டு வந்துட்டாராம்.

— என்னன்னு சொல்லிக் கூப்பிட்டீங்க?

— பூசைக்கு வாங்கன்னுதான். காய் விஷயம் இன்னும் அவர்கிட்ட சொல்லல.

— அண்ணே, ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு ஜெயசீலன் லீவு கேட்டா நான் குடுக்கணுமா, செந்தில் குடுக்கணுமா?

— நீங்கதான்.

— வண்டி நடு வழியில நின்னா யாருக்குப் போன் பண்ணுவீங்க?

— உங்களுக்குத்தான்.

— இன்னிக்கு எல்லாரும் பாக்க அந்தக் காய அவரு கையில குடுத்துட்டேன்னு வைங்க. நாளைக்கு நான் ஒருத்தருக்கு டூட்டி மாத்திப் போட்டா, ‘சாரக் கேட்டுக்கிட்டீங்களா மேடம்’னு ஒருத்தன் கேப்பான். சிரிச்சிக்கிட்டேதான் கேப்பான். அப்புறம் இந்த நாற்காலியில நான் உக்காந்தா என்ன, உக்காராட்டி என்ன? நீங்க கெட்ட எண்ணத்துல செய்யலைண்ணே. அது எனக்குத் தெரியும்.

— இன்னொண்ணும் இருக்கு மேடம். நல்லா முத்துன காயி, கல்லாட்டம் கெடக்கு. ஒரே போடுல உடையலைன்னா சிரிச்சிடுவாங்க.

— முன்னாடி இருந்த சாருங்க?

— எல்லாருக்கும் ஒரே போடுதான். ஆம்பளக் கையாச்சே!

— பாப்போம். யாரு கதவுகிட்ட? தனக்காவா?

— நான்தாம்மா. வாசல் கூட்டித் தண்ணி தெளிச்சிட்டேன். பூசாரி உங்களக் கூப்பிடுறாரு. எல்லாரும் நிக்கிறாங்க.

— வாங்கண்ணே, போவலாம்.

*

— தனக்கா, தொடப்பத்த வச்சிட்டு உள்ள வாங்க. உக்காருங்க. பொரி எடுத்துக்குங்க.

— இருக்கட்டும்மா. காய் தோலெல்லாம் ரோட்டுல செதறிக் கெடந்துச்சு. டூ வீலர்காரங்க வழுக்கி வுழுந்துடுவாங்கன்னு, வண்டிங்க எல்லாம் போனப்புறம் அள்ளிப் போட்டுட்டு வரேன்.

— காய் உடைச்ச உடனே மேலதிகாரிங்ககிட்டேருந்து போனு மேல போனு, உள்ளயே இருந்துட்டேன். வெளிய என்ன நடந்துச்சு?

— என்ன நடக்கும்? ஜெயசீலன் அண்ணன் கொஞ்ச நேரம் தூணுகிட்ட நின்னுச்சு. எல்லாரும் அது மூஞ்சியவே பாத்தாங்க. அப்புறம் யாரும் கூப்பிடாமயே ஏறி, மாதாவக் கும்பிட்டு, டயருக்கு அடியில வச்ச எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டுப் போயிடுச்சு. தா.பழூரு போயிட்டுத் திரும்பியும் வந்துடுச்சு. இப்ப கேன்டீன்ல டீ குடிக்குது.

— மத்த வண்டிங்க?

— ஒண்ணு பின்னாடி ஒண்ணா எல்லாம் போயிடுச்சு. போர்மேன் அண்ணன் பூசை நாளும் அதுவுமா ஒரு வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கு. கேடயம் பிரேக்குக்குத்தான் குடுத்தாங்களாம்ல? வரவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கு.

— சொல்லட்டும். எங்க வூட்டுக்காரரு?

— உங்க ஹேண்ட்பேக்க தோள்ல மாட்டிக்கிட்டு சுண்டல் தின்னுக்கிட்டு நிக்கிறாரு.

— அவரக் காய் உடைக்கக் கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்சா சிரிப்பாரு. வூட்டுல ஒரு தேங்காய உடைக்கவே அந்தப் பாடு படுவாரு.

— நீங்க ஒரே போடுல போட்டுட்டீங்களேம்மா!

— உடைஞ்சதும் எனக்கே நம்ப முடியல தனக்கா. முன்னாடி இருந்த சாருங்களும் ஒரே போடுதானாமே?

— ஒரே போடுதான்…

— ஏன் இழுக்குறீங்க?

— போர்மேன் அண்ணன்கிட்ட சொல்ல மாட்டீங்களே?

— சொல்ல மாட்டேன்.

— போர்மேன் அண்ணன் இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு சாரு இருந்தாரு. திரும்பத் திரும்பப் போட்டும் உடையல. காயி உருண்டு போயி சாக்கடையில வுழுந்துச்சு. ஒருத்தர் பாக்கியில்லாம சிரிச்சிட்டாங்க. பாவம், அந்த மனுஷன் அப்புறம் யாரையும் நிமிந்து பாத்துப் பேசவே இல்ல. அதுக்கு மறுவருஷத்துலேருந்து, காயி ஸ்டோர் ரூமுல இருக்கறப்பவே, கூட்டப் போறாப்புல போயி அடிப்பக்கம் ஆழமா ஒரு கீறு கீறி வச்சிடுவேன்.

— நீங்களா?

— நான்தான்.

— கேடயம் வாங்குன வருஷமும்?

— எல்லா வருஷமுந்தாம்மா. வந்த சாருங்க அத்தன பேருக்கும்.

— அப்படின்னா… இன்னிக்கும் அதான் ஒரே போடுல உடைஞ்சுதா?

— இல்லம்மா. கத்திய எடுத்துக்கிட்டுத்தான் போனேன். அப்புறம், உங்களுக்குக் கீறு எதுக்குன்னு, முழுக் காயாவே வுட்டுட்டு வந்துட்டேன்.