பூசையன்று செருகிய வயர்

பெயர் இசக்கித்தாய், வயது 67, கணவர் காலஞ்சென்ற சுடலைமுத்து, இருப்பு கழுகுமலை ரோடு, சங்கரன்கோவில்.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து, ஊரில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்து வருகிறேன். அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் லிங்கேஷ் என் உடன்பிறந்த தம்பி செல்லப்பாவின் மகன். அவன் வேண்டுமென்றே கம்ப்யூட்டர்களை முடக்கியதாக மேனேஜர் பேச்சிராஜ் கொடுத்த புகார் பற்றி போலீஸ் ஐயா விசாரிக்க, நான் கண்டதைச் சொல்கிறேன்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் சுவிட்ச் பெட்டி இருக்கும் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வயரெல்லாம் வந்து சேரும் பெட்டி அது. அதிலிருந்து மாடிப் பெட்டிக்கு இரண்டு வயர் போகிறது. ஒன்று கெட்டால் மற்றது ஓடுமாம். இரண்டும் ஒருசேர ஓடினால் அனுப்பிய தகவலே சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் அடைத்துவிடுமாம். அதற்காக லிங்கேஷ் ஸ்பேனிங் ட்ரீ என்று ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். அது ஒரு வயரை நிறுத்தி வைக்கும். அந்த வயருக்கு மட்டும் மஞ்சள் விளக்கு எரியும். மேனேஜர் அதைப் பார்த்து, ஓனர் பூசைக்கு வரும்போது எல்லாம் பச்சையாக எரிய வேண்டும் என்றார்.

"அண்ணாச்சி, அது பழுது இல்ல. காவலுக்கு நிக்கி" என்றான் லிங்கேஷ்.

"ஏலே, எனக்கு வெளக்கம் சொல்லாத. அத ஆஃப் பண்ணு."

அதன் பிறகு லிங்கேஷ் மஞ்சள் விளக்கு வயரை உருவித் தொங்கவிட்டு, லேப்டாப்பில் ஸ்பேனிங் ட்ரீயை நிறுத்திவிட்டு, இந்த வயரை யாரும் திரும்பச் செருகக் கூடாது என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனான்.

பூசையன்று மேனேஜர் பெட்டிக்குச் சந்தனம் வைத்தார். தொங்கின வயரைப் பார்த்து, நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரி கிடக்கிறதே என்று, சந்தனக் கையோடு அதைப் பெட்டியில் செருகினார். பச்சையாக எரிந்தது. சிரித்தார்.

அதன் பிறகு நடந்தது எனக்குக் கனாவில் கண்டது போல இருக்கிறது. சாம்பிராணிப் புகைக்குள் விளக்கு அத்தனையும் ஒன்றுபோலப் படபடவென்று அடித்தது. மழை விட்ட சாயங்காலம் குளத்தங்கரையில் மின்மினி கூட்டமாக இறங்கியது போல இருந்தது. கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோனது. ஸ்கேன் படம் மாடியில் டாக்டருக்குப் போகவில்லை. வலியோடு வந்தவர்களைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். எல்லாரும் வாயை அசைத்தார்கள், எனக்குச் சத்தம் கேட்கவில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்து பார்க்கிறவள் போலத் துடைக்கிற துணியோடு நின்றேன். அதன் பிறகு லிங்கேஷ் புகையை விலக்கிக்கொண்டு வந்தான். அந்த முகம் சின்ன வயதில் என் கையைப் பிடித்து நீந்திய செல்லப்பாவின் முகமாகத் தெரிந்தது. வயரை உருவினான். மின்மினி அடங்கியது.

அப்போதுதான் மேனேஜர், "இவன் கைதான் வயர்ல இருக்கு, எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்றார்.

தம்பி மகன் என்பதால் காப்பாற்றுகிறேனா என்று கேட்கப்பட்டது. என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலை போட செல்லப்பா வரவில்லை. வாசுதேவநல்லூரில் வயலுக்குத் தண்ணீர் முறை என்று ஆள் சொல்லி அனுப்பினான். அன்று முதல் அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. லிங்கேஷ் "அத்தே" என்று கூப்பிட்டாலும் நான் திரும்புவதில்லை. அவனை உள்ளே வைத்தால் எனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. ஆனால் வயரைச் செருகியது அவன் இல்லை.

இதைச் சாக்காக வைத்துச் செல்லப்பா என் வாசலுக்கு வரக் கூடாது என்பதையும் எழுதச் சொன்னேன். ஐயா அது இதில் வராது என்றார். எழுதினால்தான் கைநாட்டு என்றேன். எழுதினார்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை.

இடது பெருவிரல் ரேகை
இசக்கித்தாய்