நான்காம் கேள்விக்கு விடை

“ஹலோ... ஹலோ... வாணியம்பாடிங்களா?... ஹனீஃபா பாய் பிரஸ்ஸுங்களா?... யாரு பேசறது?... பாய், நீங்களேதானா. நான் அம்சவல்லி பேசறேன். மலையிலருந்து... ஆமா... ஆமாங்க, இங்கிலீஷ் டீச்சர்தான். கேக்குதா?... எனக்கும் சரியா கேக்கல. இங்க மழைங்க. கொஞ்சம் சத்தமா பேசுங்க.”

ஜவ்வாது மலையில் அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு தொலைபேசி. தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டர் கோபால்சாமியின் மேஜையோரம் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். அம்சவல்லி காலையில் கதவு திறந்ததுமே வந்து ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி காத்திருந்தாள். லைன் கிடைத்தபோது ஆபீஸ் நிறைய ஆட்கள். திருப்பத்தூர் பஸ்ஸுக்காக நின்றவர்கள் மழைக்கு உள்ளே ஒதுங்கியிருந்தார்கள். எல்லாரும் மலையாட்கள். சாமை விதைப்பவர்கள், புளி உலுக்குபவர்கள். டீச்சர் போன் பேசுகிறாள் என்றதும் மரியாதையாகப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அந்த மரியாதைதான் அவளுக்கு வினையாக வந்தது. கூரைமேல் விழும் மழையைத் தவிர வேறு சத்தமில்லை.

“புக்கு விசயமாத்தான் பாய்... இல்ல இல்ல, அட்டை நல்லாத்தான் இருக்குது... பேரும் சரியாத்தான் போட்டிருக்கீங்க. அதில்லங்க. உள்ள ஒரு பாசேஜ எடுக்கணும்... எடுக்கணும். வேணாம்னு சொல்றேன்... சீனாவுல பசங்க சைக்கிள்ல பள்ளிக்கூடம் போற பாசேஜ் வருதில்ல? அதுக்கு அடுத்தது... ஆங், அதான். மலை...”

பின்னால் நின்றவர்களை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அதான் பாய். அந்தப் பக்கம்.”

கண்ணமங்கலத்துக்காரி அம்சவல்லி. மலைமேல் இருந்த உண்டு உறைவிடப் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தை ஒப்பிப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் முன்பின் பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து, படித்து விடை எழுதச் சொன்னால் திணறிப் போவார்கள். அதற்கென்றே கோடை விடுமுறையில் உட்கார்ந்து அவள் ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதினாள். வாணியம்பாடியில் அச்சகம் வைத்திருந்த ஹனீஃபா அதை அச்சடிக்க ஒப்புக்கொண்டார். அட்டையில் தன் பெயரைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

“ஏன்னா... தப்பு இருக்குதுங்க... இலக்கணத் தப்பு... இல்லீங்க, பிழைதிருத்தம் ஒட்டனா சரியாவாது. எல்லாமே தப்பு... ஆமா, நான்தான் ப்ரூஃப் பாத்தேன். ரெண்டு வாட்டி பாத்தேன்... அப்போ தெரியல பாய்... இன்னாங்க?... பைண்டிங் ஆரம்பிச்சாச்சா? முந்தாநாளேவா?... ஒடுகத்தூர் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டு போய்ட்டுதா? எப்போ?... நேத்தா.”

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோபால்சாமி தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

“அந்தக் கட்ட திருப்பி வாங்க முடியாதா?... சரி... சரி, கோவப்படாதீங்க. நீங்க கேக்கறது நியாயம்தான். அச்சடிச்ச பக்கத்த கிழிக்கணும்னா காரணம் சொல்லித்தான் ஆவணும். சொல்றேன்... சொல்றேன் பாய்.”

அப்போதுதான் வாசலில் ஓர் உருவம் நிழலிட்டது. கோணிச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்தபடி நனைந்து வந்து நின்றாள் மாணிக்கம்மாள். பத்தாம் வகுப்பில் படிக்கும் சின்னக்குழந்தை என்ற பெண்ணின் தாய். தூரத்து மலைக்கிராமத்திலிருந்து முந்தின நாள் மகளைப் பார்க்க வந்து, உறவுக்காரர் வீட்டில் தங்கி, இன்று ஊர் திரும்புகிறவள். அம்சவல்லியைக் கண்டதும் முகமெல்லாம் சிரித்தாள். இந்த அம்மாளை நினைத்துத்தான் அம்சவல்லி ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்திருந்தாள்.

அவளால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, ரிசீவரை உள்ளங்கையால் மூடிப் பேசினாள்.

“பாய், லிசன்... தி பாசேஜ் இஸ் நாட்... இட் இஸ் இன்சல்ட்டிங்... தே ஆர் ஆல் ஹியர், ஐ கேன்னாட்... ஹலோ?... இல்ல, ஆபரேட்டர் இல்லீங்க. நான்தான். அம்சவல்லிதான் பேசறேன்... புரியலீங்களா?”

ஹனீஃபாவுக்கு ஆங்கில அச்செழுத்துகள் அத்தனையும் அத்துப்படி. தலைகீழாகக் கிடந்தாலும் பொறுக்கிக் கோத்துவிடுவார். ஆனால் மொழி தெரியாது. அதனால்தான் அவள் எழுதிக் கொடுத்ததை முகம் சுளிக்காமல் அச்சடித்திருந்தார். பின்னால் நின்றவர்களுக்கும் தெரியாது. இத்தனை பேருக்கு நடுவில் தான் மட்டும் ஒரு திரைக்குப் பின்னால் நிற்பது அவளுக்கு உறைத்தது. நேற்று வரை அந்தத் திரை சௌகரியமாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்து யாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். இப்போதும் அதையே இழுத்துப் போர்த்திக்கொள்ளப் பார்த்தோமே என்று நினைத்தபோது காது மடல் சுட்டது.

“ஆபரேட்டர் சார், கட் பண்ணிடாதீங்க. இன்னும் மூணு நிமிசம் எக்ஸ்டென்ட் பண்ணுங்க... ஆமா சார், பேசணும்... பாய், இருக்கீங்களா?... தமிழ்லயே சொல்றேன். அதுல இன்னா எழுதியிருக்குதுன்னா... மலையில இருக்கறவங்க ஒழைக்க மாட்டாங்க. கெடைச்சத தின்னுட்டு படுத்துக்குவாங்க. காட்ட வெட்டி வித்து குடிச்சிடுவாங்க. புள்ளைங்கள படிக்க வெக்கணும்னு அறிவு கெடையாது... கேக்கலியா?... சோம்பேறிங்கன்னு எழுதியிருக்குது... சோம்பேறி, பாய். சோம்பேறிங்க.”

மழை லைனைத் தின்றுகொண்டிருந்தது. அந்த வார்த்தையை அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கோபால்சாமியின் முத்திரைக் கட்டை பாதியில் நின்றது. பெஞ்சில் தீர்த்தகிரி உட்கார்ந்திருந்தார். விடியுமுன் எழுந்து, களத்தில் கிடந்த சாமைத் தாளை நனையாமல் மூடிவிட்டு வந்த மனிதர். முழங்கால் வரை சேறு. அவர் மெதுவாகக் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். ஏன் இழுத்தார் என்று அவருக்கே தெரிந்திராது.

“கீழ கேள்வி இருக்குதில்ல... நாலாவது கேள்வி. இவங்க ஏன் ஏழையா இருக்காங்க? அதுக்கு விடை, சோம்பேறியா அறிவில்லாம இருக்கறதால. அந்த வரிய பாசேஜ்லருந்து அப்படியே எடுத்து எழுதனா சரி... எங்கருந்து எடுத்தேனா? அது வந்து... ஒரு பழைய புக்கு...”

வாசலில் நின்ற அம்மாளின் பார்வை முதுகில் படுவது தெரிந்தது.

“இல்ல பாய். எந்தப் புக்கும் இல்ல. நானே எழுதினது... ஆமா, நானேதான். புள்ளைங்கதான் கேட்டுதுங்க. லண்டனப் பத்தி இருக்குது, சீனாவப் பத்தி இருக்குது, நம்ம மலையப் பத்தி ஒண்ணு எழுதுங்க டீச்சர்னு ஆசையா கேட்டுதுங்க. அதுங்களுக்காகத்தான் ஒக்காந்து எழுதனேன்... ஒண்ணுமே உறுத்தல பாய், அதச் சொல்லத்தான் வாய் வர மாட்டேங்குது. கிராமர் சரியா, வாக்கியம் அழகா விழுதான்னு பாத்தேன். எதிர்ல ஒக்காந்து படிக்கறது யாரு வூட்டுப் புள்ளைன்னு பாக்கல.”

அவள் சுவரை விட்டுத் திரும்பினாள்.

“இப்ப எப்படித் தெரிஞ்சுதா?... நேத்து ஒரு அம்மா பொண்ணப் பாக்க வந்தாங்க... இங்கதான் இருக்காங்க. எதிர்லயே நிக்கறாங்க... தெரிஞ்சுதான் பாய் சொல்றேன். அப்புறம்னா எனக்கு வாய் வராது... ஆஸ்டல் வாசல்ல ஒக்காந்துக்குனு, இங்கிலீஷ் படிக்கறியாமே, படிச்சுக் காட்டுன்னு கேட்டாங்க. பொண்ணு கையில இருந்தது நீங்க அனுப்பன ப்ரூஃப் தாளு, இந்தப் பாசேஜ்தான். ஒரு எடத்துலயும் தடுக்காம படிச்சிச்சு. நான் பின்னால நின்னுக்குனு இருக்கேன். சந்தோசமா, பாய். நம்ம கிட்ட படிச்ச புள்ளை எப்படிப் படிக்குது பாருன்னு நின்னுக்குனு இருக்கேன். அம்மா கேட்டாங்க, இன்னா அர்த்தம்னு.”

அவள் ரிசீவரை மறுகாதுக்கு மாற்றினாள்.

“ஹலோ... இருக்கேன். சொல்றேன்... அது கொஞ்ச நேரம் தாளையே பாத்துச்சு. அப்புறம் சொல்லிச்சு. மலையில இருக்கறவங்க கோழி கூவறதுக்குள்ள எழுந்துக்குவாங்களாம். கல்ல பொறுக்கிப் போட்டு சரிவுலயே ஏரோட்டுவாங்களாம். மழை பொய்ச்சாலும் புள்ளைங்கள பட்டினி போட மாட்டாங்களாம்... ஆமா பாய். அதுவா சொல்லிச்சு. அதுல ஒரு வரி கூட என் பாசேஜ்ல கெடையாது... அவங்க அம்மாக்கு நம்ப முடியல. இதெல்லாமா புக்குல போட்டிருக்காங்கன்னு கேட்டாங்க. இன்னொரு வாட்டி படின்னாங்க. இன்னொரு வாட்டி அந்த இங்கிலீஷ படிச்சிச்சு. இன்னொரு வாட்டி அதையே சொல்லிச்சு. ஒரு வார்த்தை மாறல. முடிச்சிட்டு என்னியத் திரும்பிப் பாத்துச்சு... திட்டற மாதிரி இல்ல. சொல்லிடாதீங்கன்னு கேக்கற மாதிரி.”

மாணிக்கம்மாளின் முகத்தில் சிரிப்பு எப்போது போனது என்று அம்சவல்லி கவனிக்கவில்லை. கோபம் வரும், வந்து நாலு வார்த்தை கேட்பாள், வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் மனசைத் தயார்ப்படுத்தியிருந்தாள். அது வரவில்லை. மாணிக்கம்மாள் பெஞ்சில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். அவர்களுக்கும் கேட்டுவிட்டதா என்று பார்ப்பதுபோல இருந்தது. பிறகு தப்புச் செய்து பிடிபட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் காலடியில் தேங்கியது.

“இன்னா கேட்டீங்க?... பரீட்சையா... ம். வெச்சேன் பாய். இந்தப் பாசேஜத்தான் வெச்சேன்... எல்லாரும் எழுதனாங்க... அந்தப் பொண்ணும் எழுதிச்சு. நாலாவது கேள்விக்கும் எழுதிச்சு... போட்டேன். அதான் சரியான விடைன்னு மார்க்கு போட்டேன். முழு மார்க்கு. நல்ல கையெழுத்துன்னு வேற எழுதிக் குடுத்தேன்.”

ரிசீவரில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று பயந்து அவள் தொலைபேசிக் கொக்கியைத் தட்டப் போனாள்.

“ஹலோ... ஆங், இருக்கீங்களா... நிறுத்தச் சொல்லிட்டீங்களா? பைண்டர் கிட்டயா?... சரிங்க... சரிங்க பாய். கிழிச்சுடுங்க... பின்பக்கம் இன்னா இருக்குது?... சீனா பாசேஜா. அதுவும் போவட்டும். ரெண்டும் போவட்டும்... அந்த எடத்துக்கு ஒண்ணும் வேணாம். நான் எதுவும் எழுதித் தர மாட்டேன், இப்பக் கேக்காதீங்க... ஒடுகத்தூர் கட்டு?... பள்ளிக்கூடத்துக்காரங்களே வந்து வாங்கினு போய்ட்டாங்களா... எல்லாத்தையுமா... ம்.”

ஒடுகத்தூரில் ஏதோ ஒரு வகுப்பறையில், மலை ஏறிப் பார்த்தேயிராத பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அந்த நாலாவது கேள்விக்கு விடை எழுதுவார்கள். அவளைப் போன்ற ஒருத்தி சிவப்பு மையில் சரி போடுவாள். அதை இனி யாராலும் தடுக்க முடியாது.

“இல்ல பாய், அழல... அட்டையில என் பேரு இருக்கட்டும். இருக்கணும்... எடுக்காதீங்க. நாளைக்கி யாராவது கேட்டா நான்தானே பதில் சொல்லணும்.”

பஸ் வந்து நின்று ஆரன் அடித்தது. ஆட்கள் எழுந்தார்கள். எப்போதும் “வர்றேங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போகும் தீர்த்தகிரி துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவளைக் கடந்து போனார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள். கோபால்சாமி தலை தூக்காமல் கடிதங்களை மறுபடியும் அடுக்க ஆரம்பித்தார்.

மாணிக்கம்மாள் மட்டும் பஸ் பக்கம் போகவில்லை. வாசற்படியில் கொஞ்சம் நின்றாள். சாக்கை மறுபடி தலையில் கவிழ்த்தாள். மழையில் இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு ஏறும் மண்பாதையில் விறுவிறுவென்று நடந்தாள்.

“பாய்... பாய், ஒரு நிமிசம். அந்த அம்மா பஸ் ஏறல. பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போறாங்க... தெரியல, பொண்ணப் பாக்கத்தான் போறாங்க... அடிப்பாங்களோ, கட்டிப் புடிச்சுக்குவாங்களோ, தெரியல பாய். அது பொய் சொல்லிச்சுன்னு அவங்க கேட்டா அந்தப் புள்ளை இன்னா சொல்லும்? ஏன் சொல்லணும்? நான் எழுதினதுக்கு அது ஏன் நின்னு பதில் சொல்லணும்?... இல்ல, மழை விடட்டும்னு நிக்க முடியாது. அவங்க போய்ச் சேர்றதுக்குள்ள நான் போவணும்... இன்னா சொல்லப் போறேனா?... தெரியலீங்க. நெசமாத் தெரியல... சரிங்க பாய். வெச்சிடறேன்.”