ஒளிச்சு வெச்ச குட்டி

எல்லாரும் கொஞ்சம் முன்னால வந்து உக்காருங்க... ஒரு குட்டிச் சங்கதி சொல்லணும்.

நம்ம கடக்கரைப் பொண்ணு, பேரு ரெஜினாள். கடலுக்குப் போன புருஷன் திரும்பல. மூணு வயசு மகளை நாத்தனார்கிட்ட விட்டுட்டு, ஓமான்ல, பாலைவனத்து ஓரத்துல ஒரு பண்ணை வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனா.

ஒருநாள் விறகு பொறுக்கப் போறா. முள்மரத்தடியில ஒரு மான்குட்டி! மணலோட மணலா, காதைக்கூட அசைக்காமக் கெடக்கு. சுத்திப் பாத்தா... தாயைக் காணோம்.

"அடிப்பாவி, பெத்துப் போட்டுட்டு ஓடிட்டாளே!"ன்னு குட்டிய அள்ளிக்கிட்டு வந்துட்டா. ஆட்டுப்பால் குடுத்தா. குடிக்கல.

சாயங்காலம் பண்ணை டிரைவர் சையது பாய் பாத்தார். பதறிட்டார்.

"ஏன் தங்கச்சி எடுத்த?"

"அநாதையாக் கெடந்துச்சு பாய்..."

"அநாதைன்னு யார் சொன்னா? இந்த ஜாதித் தாய்மான், குட்டிய ஒளிச்சு வெச்சுட்டுத் தள்ளிப் போயிரும். குட்டிமேல வாசம் அவ்வளவா இருக்காது. தாய் கூடவே நின்னா, தாய் வாசத்துக்கு ஓநாய் வந்துருமே! தண்ணியில்லாத காட்டுல எலை தழையில இருக்குற ஈரத்தைத் தின்னு, அதைப் பாலாக்கி, வந்து குடுத்துட்டுப் போகும்."

வண்டிய எடுத்துக்கிட்டு ஓடுனாங்க. அங்க... தாய் நிக்குது. மரத்தைச் சுத்தி மண்ணு பூராவும் குளம்புத் தடம். ஆளைப் பாத்தும் ஓடல. ரெஜினாள் குட்டிய இறக்கி வெச்சா. கழுத்து தொங்குது. வர்ற வழியிலேயே உசுரு போயிருச்சு.

தாய் வந்து நக்குச்சு... நக்குச்சு... நக்கிக்கிட்டே இருந்துச்சு.

ரெஜினாள் மணல்ல விழுந்து அழுறா. "தெரியாமத்தானே செஞ்ச தங்கச்சி"ங்கிறார் பாய்.

"இல்ல பாய்... 'உங்கம்மா ஒன்னைப் போட்டுட்டு ஓடிட்டா'ன்னு ஊர்ல என் மகளுக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க. போன்ல பேசவே மாட்டேங்குறா. அதே வார்த்தையத்தான் பாய் இன்னைக்கு நானும் சொன்னேன்!"

ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு வந்தா. மக, நாத்தனார் சேலைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. "யாருன்னு சொல்லு பாப்போம்"னாங்க.

"ஆன்ட்டி"ன்னுச்சு அந்தப் பிள்ளை.

அன்பானவங்களே... ரெஜினாள் தெரியாம எடுத்தா. நமக்கு? பெத்தவ எதுக்காகத் தூரம் போனான்னு நமக்குத் தெரியாதா? நம்ம சோத்துக்குத்தான் போனான்னு தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே சொல்றோமே... பச்சைப்பிள்ளை காதுல!

இன்னைக்கு ராத்திரி ஏதோ ஒரு வீட்டுல, இப்படித் தூரம் போன ஒரு தாயோட போன் அடிக்கும். அடிச்சு ஓய விட்டுறாதீங்க. எடுத்து... பிள்ளை கையில குடுங்க.