எங்கள் ஒழுங்கையின் மழைப்பெட்டி

எங்கள் ஒழுங்கையில் குடியிருக்க யாரும் ஆசைப்படுவார்கள், ஐயா. பதுளை நகரத்துக்கு மேலே, மலையை ஒட்டி ஏறும் ஒடுங்கிய தெரு. அதைப் பற்றிப் பத்திரிகையில் படத்தோடு எழுதினார்கள். மொஹிதீன் நானா வீட்டு வட்டிலப்பம், சுனேத்ரா அக்காவின் பாற்சோறு, ஓய்வுபெற்ற தபாலதிபர் குமாரசிங்கம் வீட்டு வடை எல்லாம் வேலி தாண்டிப் போகும் என்று இருந்தது. உண்மைதான். என் மனைவி மயூரிக்கு மசக்கை வந்தபோது மூன்று வீட்டு ஊறுகாயும் எங்கள் அலமாரியில் இருந்தது.

மயூரி பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். சுனேத்ரா அக்கா படிப்பிக்கும் பாடசாலையில் தமிழ் படிப்பித்தாள். ஆறாம் மாதத்தில், கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் மலை சரியக்கூடிய மலை. மாற்றுக் காணி தருவதாகச் சொன்ன அதிகாரிகள் காணிக்குப் பதில் மழைப்பெட்டி ஒன்றைத் தந்தார்கள். மழை அளவு மீறினால் அது கத்தும். கத்தினால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். முதலில் அது குமாரசிங்கம் வீட்டில் இருந்தது.

அது கத்திய அன்று நான் பண்டாரவளையில் வேலையில் இருந்தேன். மயூரி வீட்டிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள்.

"எல்லாரும் எறங்குற சத்தம் கேக்குது. நீங்க பயப்படாதீங்க. இத்தன வீடு இருக்கு, யாராவது வருவாங்க."

நான் ஒவ்வொருவராக அழைத்தேன். மொஹிதீன் நானா பள்ளிவாசலில் இருந்தார். "கோயில் மண்டபத்துல இருப்பா தம்பி, ஒங்கட ஆக்களோட." கோயிலில் இருந்த குமாரசிங்கம், "அவ பள்ளிக்கூடத்து ஆக்களோட விகாரைக்குப் போயிருப்பா, யோசியாதையும்" என்றார். விகாரையிலிருந்து, என்னைத் தம்பி என்று சிங்களத்தில் கூப்பிடும் சுனேத்ரா அக்கா, "மல்லி, நிப்லா கூட பள்ளிவாசலுக்குப் போனது தானே?" என்றார். நிப்லா, மொஹிதீன் நானாவின் மகள்.

அப்போதுதான் புரிந்தது. மறுபடி எடுத்தபோது லைன் இல்லை.

அன்று சரிந்தது என் வீட்டின் பின்சுவர் மட்டும். கட்டில் அதை ஒட்டித்தான் கிடந்தது.

செத்தவீட்டில் ஒரு குறையும் இல்லை. மூன்று வீடும் முறை வைத்துச் சமைத்தன. சுவரையும் அவர்களே கட்டித் தந்தார்கள். பத்திரிகைக்காரர் வந்தது அதற்குப் பிறகுதான். துயரத்திலும் ஒரே குடும்பம் என்று முடித்திருந்தார். யாரைக் கோபித்துக்கொள்வது என்று பல மாதம் தேடினேன். யாரும் தப்புச் செய்யவில்லை. எல்லோரும் அழுதார்கள். சண்டை பிடிக்கக்கூட ஒரு முகம் கிடைக்கவில்லை.

பெட்டியைப் பிறகு என்னிடம் கொடுத்தார்கள். "நீர் வைச்சிருந்தால் நாங்கள் நிம்மதியாய்ப் படுப்பம்" என்றார் குமாரசிங்கம். அது இரண்டொரு தரம் வீணாகக் கத்தியது. "ஒங்கட பெட்டி எங்கட மாமி மாதிரி தம்பி, தூறல் விழுந்தாலே கூப்பாடு" என்று மொஹிதீன் நானா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிறு பகல், பெட்டி கத்தத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மொஹிதீன் நானா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே நிப்லாவின் குழந்தை அழுதது. அவள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

"பெட்டி கத்தின மாதிரி கேட்டிச்சே, தம்பி?"

"பேட்டரி மாத்தினேன் நானா. நீங்க படுங்க."

பஸ் நிலையத்துக் கடையில் தேநீர் சொன்னேன். குடித்து முடிக்குமுன் மலை வந்துவிட்டது. மூன்று வீடும் இல்லை. யாரும் வெளியே வரவில்லை.

நான் யாரையும் தள்ளவில்லை, ஐயா. மழை பெய்தது, மலை சரிந்தது. இத்தனை வீடு இருக்கிறதே, யாராவது பார்த்துச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவர்களும் அன்று அப்படித்தானே நினைத்தார்கள்? அதை யாரும் குற்றம் என்று எழுதவில்லை.

மயூரியின் சேலைகளையும் பிள்ளைக்கென்று அவள் தைத்த சட்டைகளையும் முதல்நாளே ஆட்டோ பிடித்து ஏன் பூனாகலையில் அவள் தாய்வீட்டுக்கு அனுப்பினேன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொன்னேனே, ஐயா. வீட்டில் ஒரே ஈரம். பூஞ்சணம் பிடித்துவிடும் என்றுதான் அனுப்பினேன். வேறொன்றும் இல்லை.