பொத்தானின் ஓடு

ஒட்டடை அடிப்பதில் எனக்கு ஆர்வம் அதிகம், கவனம் குறைவு. அன்று கம்பின் நுனி மூலையிலிருந்த வலையைப் பிடித்துவிட்டது. அடிமுனைதான் என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் போய் மகள் மாட்டிவைத்திருந்த விளக்கைத் தட்டியது. பல்பு விழுந்து நொறுங்கியது. கீழே தொட்டியிலிருந்த பொத்தான் தலையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. "கொடுத்துவைச்சவன்டா நீ. ஒளியறதுக்கு வீட்டைக் கையோட கொண்டுவந்திருக்க" என்று அதனிடம் சொன்னேன்.

பொத்தான் ஒரு நில ஆமைக்குட்டி. நான் தையல்காரன். மகள் அதைக் கொண்டுவந்த அன்று, மேல்கோட்டில் தைக்கும் பெரிய பொத்தானைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் பெயர் வைத்தாள். பிறகு அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. தங்குமிடத்தில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

போவதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். வெதுவெதுப்பான நீரில் தாடை நனையும் அளவுக்கு ஊறவைக்க வேண்டும், இல்லையென்றால் தோல் வறண்டு வெடிக்கும். உரிகிற தோலைப் பிய்க்கக் கூடாது. இலையின்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவ வேண்டும். முக்கியமாக அந்த விளக்கு எரிய வேண்டும். அது வெயிலின் வேலையைச் செய்கிறதாம். அது இல்லாவிட்டால் எவ்வளவு தின்றாலும் ஓடு இறுகாதாம்.

உடைந்த பல்புக்குப் பதிலாகத் தெருமுனைக் கடையில் சாதாரண பல்பு வாங்கி மாட்டினேன். வெளிச்சம் வெளிச்சம்தானே என்று நினைத்தேன். அது அறியாமை. அதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடலாம்.

சில வாரங்கள் கழித்து ஓட்டைத் துடைக்கும்போது கட்டைவிரல் லேசாக உள்ளே போனது. எந்தத் துணி எவ்வளவு நெகிழ்ந்துகொடுக்கும் என்று என் கட்டைவிரலுக்குத் தெரியும். புதுக் காலரைப் போல விறைப்பாக இருந்த ஓடு, பலமுறை துவைத்த காலரைப் போல ஆகியிருந்தது. மகளுக்கு ஃபோன் செய்தேன். மறுநாள் காலையில் வாசலில் நின்றாள்.

நான் ஆச்சரியப்பட்டது அங்கேதான். அதற்கு முந்தைய மாதம் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னபோது, "மாத்திரை போட்டுட்டுப் படுங்கப்பா" என்று வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். அவள் கல்லூரிச் சுற்றுலாவுக்குக் கிளம்பிய அன்று எனக்கு மயக்கம் வந்தது. முதல் நேர்முகத் தேர்வன்று மூச்சுத் திணறியது. என் உடம்புக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும்.

அவள் சரியான பல்பை வாங்கி மாட்டினாள். பொத்தானைக் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். விடுப்பை நீட்டினாள். நான் துணி வெட்டும் மேஜைமேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, அலுவலகத்துக் கதையெல்லாம் சொன்னாள். மேலாளர் தும்மினால் மொத்த மாடியும் எழுந்து நிற்குமாம். நாங்கள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. பொத்தானும் தேறியது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து தொட்டியின் முன் நின்றேன். கையை உயர்த்திப் பல்பைக் கழற்றினேன். சூடாக இருந்தது. பனியனில் சுற்றி நூல்கண்டுகளுக்கு நடுவே வைத்தேன். பழைய பல்பு மறுபடி மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டது என்று எழுதிவிட்டேன் பாருங்கள். மாட்டியது நான்தான்.

பிறகு எல்லாம் கட்டைவிரல் கணக்குத்தான். ஓடு இறுகியிருந்தால் அவள் வரமாட்டாள். கோட்டின் உள்துணி போலத் தளர்ந்தால் ஃபோன் செய்வேன். அவள் இங்கே வர ரயிலேறியதும் நல்ல பல்பு விளக்கில் தன் இடத்துக்குப் போய்விடும். பொடி டப்பாவில் மைதா இருக்கும். அவள் வரும் நாளில் பொடி திரும்பிவிடும். அவள் கையால் தின்றால் அது தேறுகிறது என்று அவளே நம்பினாள்.

"நான் சொன்னபடிதானேப்பா செய்றீங்க?"

"முழங்கையால தொட்டுப் பாத்துட்டுத்தாம்மா தண்ணியே ஊத்துறேன்."

அது உண்மை. தண்ணீர் விஷயத்தில் நான் பொய் சொன்னதே இல்லை.

அவளுக்கு வந்த பதவி உயர்வை, ரொம்பத் தூரத்து ஊர் என்று பொத்தானுக்காக வேண்டாம் என்றாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. அன்று அவளுக்குப் பிடித்ததாகச் சமைத்துப் போட்டேன். பிறகு ஒருநாள் மகிழ்ச்சியாக வந்து சொன்னாள். "வீடு பாத்துட்டேன்ப்பா. பால்கனி முழுக்க வெயில். இவனைக் கூட்டிட்டுப் போயிடுறேன். உங்களுக்கும் தொல்லை விட்டது." டாக்டர் இப்போது வேண்டாம் என்றார். ஓடு இறுகட்டும், அதுவரை பயணம் தாங்காது என்றார்.

இறுகும்வரை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஜன்னலுக்கு நானே ஒரு திரை தைத்தேன். இரட்டை உள்துணி, மடிப்பு பிசகாமல். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. பொத்தானின் கால்கள் உடம்பைத் தூக்க மறுத்தன. நீந்துவதுபோல வயிற்றால் நகர்ந்தது. தாடை மெத்தென்று ஆகிவிட்டதால் கடிக்க முடியவில்லை. இலையைப் பொடிப்பொடியாகக் கத்தரித்து ஊட்டினேன். ஒரு பிற்பகல் திரையின் ஓரம் விலகி, தொட்டிக்குள் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் விழுந்தது. பொத்தான் பார்த்துவிட்டது. இழுத்து இழுத்து, இடையிடையே நின்று மூச்சு வாங்கி, அதை நோக்கிப் போனது. முன்காலில் வெயில் படும்வரை பொறுத்திருந்தேன். என் கண் கலங்கிவிட்டது, நான் இளகிய மனசுக்காரன். பிறகு திரையை இழுத்து மூடினேன். மறுபடி விலகாதபடி ஓரத்தில் நான்கு தையல் போட்டேன்.

அவள் வருவதாக இருந்த வாரத்தில் அது தலையை உள்ளே இழுக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், குச்சியால் தட்டியும் பார்த்தேன். இழுக்கவில்லை.

மகள் டாக்டரிடம் எடுத்துப்போனாள். அவர் ஓட்டை அழுத்திப் பார்த்து, "வெளிச்சமே காட்டாம வளத்தீங்களா?" என்று கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் நானே சொன்னேன். பல்பு, மைதா, திரை, ஓரத்துத் தையல் எல்லாம். வாடிக்கையாளருக்கு அளவு வாசிப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அப்பாவுக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று உடைந்து அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் தேற்ற வேண்டுமே என்று துண்டைக்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

அவள் அழவில்லை. மேஜைமேல் கிடந்த பொத்தானின் கால்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரணும்னுதானா?"

"ஆமாம்மா. வேற எதுக்கு?"

அவள் அடுத்த காலை மடித்தாள். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. "கோபப்படாம ஒண்ணு சொல்லு. இதெல்லாம் இல்லாம, நான் நெஜமாவே படுத்திருந்தேன்னு வச்சுக்க. வந்திருப்பதானே?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவளிடம் சின்ன வயதிலிருந்தே ஒரே பதில்தான். "பாக்கலாம்ப்பா." அதையே எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்திருக்க மாட்டேன்ப்பா. இவனுக்காகத்தான் வந்தேன். உங்களைப் பாக்கன்னு ஒரு தடவைகூட வரல."