கிளட்சில் இருந்த கால்

ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா? வெயில் உங்கள் பக்கம்தான் அடிக்கிறது. வண்டியை ஏன் விற்கிறேன் என்று கேட்டீர்கள். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான், தப்பில்லை. வேறு யாராவது என்றால் மாற்றலாகிப் போகிறேன், பெரிய வண்டி எடுக்கப் போகிறேன் என்று உங்களுக்குக் காது குத்தியிருப்பார்கள். எனக்கு அது வராது. ஒரு பொருளை விற்றால் அதன் குறையையும் சொல்லித்தான் விற்க வேண்டும். அலுவலகத்தில் நான் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். மட்டமான சரக்கை என் தலையில் கட்டப் பார்த்த எத்தனையோ பேரை வாசலோடு அனுப்பியிருக்கிறேன். அதே வேலையை நான் உங்களிடம் காட்டினால் நன்றாகவா இருக்கும்? சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு சுற்று போய் வருவோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் முழுக்கப் புதுசு. பம்பர், பானெட், ரேடியேட்டர், விளக்குகள், கியர்பாக்ஸ், எல்லாம் போன வருஷம் மாற்றியது. கிளட்சும் அப்போது மாற்றியதுதான். எதனால் மாற்ற வேண்டி வந்தது என்பதில் கொஞ்சம் கதை இருக்கிறது.

என் மாமனார் அப்போது எங்களோடு இருந்தார். காலமெல்லாம் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வண்டியை எடுத்துப்போய்க் காய்கறி வாங்கி வருவார். வந்ததும் வண்டிக்குள் கிடக்கும் மிதியடிகளை எல்லாம் உருவிக் கழுவிக் காயப்போடுவார். யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை. மற்ற நாளெல்லாம் அலுவலகத்துக்கு நான்தான் ஓட்டிப் போவேன். வழிநெடுக சிக்னல், ஊர்ந்து ஊர்ந்துதான் போக வேண்டும். ஒருநாள் பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. கூடவே ஒரு தீய்ந்த நாற்றம்.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் மோப்பம் என்றுதான் கூப்பிடுவோம். பானெட்டைத் திறக்கும் முன்பே மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு வியாதியைச் சொல்வார். அன்றைக்கும் ஒரு இழுப்புதான் இழுத்தார்.

“கிளட்ச் பிளேட் போச்சு சார். யாரோ ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேலயே வச்சிருக்காங்க. மிதிக்கறதுகூட இல்ல, சும்மா வைக்கறது. அந்தச் சும்மாவே போதும், பிளேட்டைத் தின்னுடும்.”

யார் கால் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பழைய லாரியில் பழகின கால், வேறு யாருடையதாக இருக்கும்? எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். கியர்பாக்ஸையே கீழே இறக்கணும், கூலியும் சேரும் என்று இழுத்து, கடைசியில் ஒரு தொகையைச் சொன்னார். யானை விலை. விலையைக் குறைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவனிடம் அப்படி ஒரு தொகையைச் சொன்னால் வயிறு எரியுமா எரியாதா? இன்ஷூரன்ஸில் வருமா என்று கேட்டேன்.

“தேய்ஞ்சதுக்குத் தர மாட்டான் சார், உடைஞ்சாத்தான் தருவான். பேசாம எங்கயாவது போயி நல்லா முட்டிட்டு வாங்க, சுத்தமா பண்ணிடலாம்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பேச்சுக்குச் சொன்னதுதான். அவரை இதில் இழுக்கக் கூடாது. கைச்சுத்தமான ஆள்.

அன்று சாப்பிடும்போது மாமாவிடம் நயமாகத்தான் கேட்டேன். “மாமா, ஓட்டும்போது இடது காலை எங்க வைப்பீங்க?”

“தரையிலதான் மாப்ளே. கிளட்ச் மேல கால வச்சிருந்தா எங்க முதலாளி கால ஒடிச்சிருப்பார்.”

“அப்பா வாரத்துக்கு ஒரு நாள் எடுக்கறாரு. அவரைப் போயி கேக்கறீங்களே” என்றாள் என் மனைவி.

“விடும்மா. மாப்ளே, ஒருநாள் நான் உங்க பக்கத்துல உக்காந்து வரேன். என்னதான் கோளாறுன்னு பார்த்துடுவோம்.”

பார்த்தீர்களா? கோளாறைச் செய்தவர் அவர், என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பரீட்சை பண்ணப் போகிறாராம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வாசலிலிருந்து சிமென்ட் சரிவு ஒன்று இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் கருங்கல் சுவர். வண்டியை மேலே, மூக்கு சுவரைப் பார்க்கும்படிதான் நிறுத்துவோம். மாமாவுக்கு ஒரு லாரிக்காரப் பழக்கம் உண்டு, ஹேண்ட் பிரேக் போடமாட்டார். கியரில் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொள்வார். “கேபிளை இழுத்து இழுத்து ஏன் நோகடிக்கணும் மாப்ளே, கியரே பிடிச்சுக்கும்” என்பார். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருதடவை கல்லை முட்டுக் கொடுக்கச் சொல்லிச் சண்டையே போட்டிருக்கிறார். அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி நியூட்ரலில் இருந்து, தானாக உருண்டுபோய்ச் சுவரில் மோதினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். முன்பக்கம் நொறுங்கும், கியர்பாக்ஸ் உடையும், கியர்பாக்ஸோடு கிளட்சும் வரும். யாருக்கும் நஷ்டமில்லை. அவர் தேய்த்ததை அவர் பேரிலேயே சரி பண்ணிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஹாரனை அடித்துக் காட்டுகிறேன், கேளுங்கள். எவ்வளவு கணீரென்று இருக்கிறது பாருங்கள். இதுமட்டும் பழசு, மாற்றவே வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிறு காலை மாமா காய்கறியோடு வந்து, வழக்கம்போல் கியரில் போட்டு நிறுத்தினார். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் பூட்டு. நான் முன்கதவைத் திறந்து, ஒரு முழங்காலை சீட்டில் ஊன்றி உள்ளே குனிந்தேன். ஒரு கை கியரில், ஒரு கை ஸ்டியரிங்கில். தலையை நிமிர்த்தினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சரிவின் அடியில், மாமா. சுவரில் மிதியடிகளை விரித்துக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது.

கொஞ்சம் பொறுத்திருந்தால் அவர் முடித்துவிட்டு மேலே வந்திருப்பார், உண்மைதான். ஆனால் அதற்குள் மனைவி குளித்து முடித்திருப்பாள். வேறு ஒரு நாள் பார்க்கலாம் என்றால், இன்னொரு வாரம் அந்தத் தீய்ந்த நாற்றத்தோடு அலுவலகம் போய்வர வேண்டும். அதோடு, வண்டியை நிறுத்தியவரே கீழே நிற்கும்போது நடந்தால் இன்னும் இயல்பாக இருக்கும் என்றும் பட்டது. கியரைத் தட்டிவிட்டேன். வண்டி அசைந்தது. நான் இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

இறங்கும் முன்பு என் கட்டைவிரல் இந்த ஹாரன்மேல்தான் இருந்தது. அழுத்தியிருந்தால் அவர் ஒதுங்கியிருப்பார், அந்த வயதிலும் சுறுசுறுப்பானவர். ஆனால் ஆளில்லாத வண்டியில் ஹாரன் எப்படி அடிக்கும்? கிளெய்ம் அங்கேயே போச்சு. பிடிபட்டுப் போலீஸ் கேட்டிருந்தால், நகர்ந்துவிடுவார் என்று நினைத்ததாகச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அப்படி நினைக்கவில்லை.

கதவை இப்போது திறக்காதீர்கள் சார், பின்னால் பஸ் வருகிறது. திரும்பி வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறேன்.

சத்தம் கேட்டு அவர் திரும்பினார். முதலில் வண்டியைப் பார்த்தார், அப்புறம் மேலே நின்ற என்னைப் பார்த்தார். விலகத்தான் பார்த்தார், ஒரு கால் மாட்டிக்கொண்டது. இடது கால். தற்செயல்தான். நான் மனதில் வன்மம் வைக்கிற ஆள் இல்லை. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தேம்பித் தேம்பி அழுதேன், நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கண் விழித்ததும் அவர் மகளிடம் என்ன சொன்னார் தெரியுமா? “நான்தாம்மா கியர் போட மறந்துட்டேன். மாப்ளையை ஒண்ணும் கேக்காத. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருந்தாப் போதும்.” சொல்லும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரே தன் வாயால் ஒத்துக்கொண்டுவிட்டார். அதன்பிறகு எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

அநியாயம் எங்கே நடந்தது என்றால் இன்ஷூரன்ஸில்தான். சர்வேயர் வந்தார், பிரித்துப் போட்டிருந்ததை எல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பம்பருக்கு உண்டு, ரேடியேட்டருக்கு உண்டு, கியர்பாக்ஸுக்கு உண்டு. “கிளட்ச் பிளேட் இதுல உடையல சார், முன்னாடியே தேய்ஞ்சது. அது உங்க செலவு” என்றார். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். வீட்டில் ஒரு மனுஷன் காலையே இழந்து கிடக்கிறார், ஒரு பிளேட்டுக்குக் கணக்குப் பார்க்கிறீர்களே என்றேன். மசியவில்லை. மனசாட்சி இல்லாதவர்கள் சார். கடைசியில் அந்த யானை விலையை நான்தான் கொடுத்தேன்.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன். அந்தப் புது கிளட்சும் தேய்ந்துவிட்டது. மாமா அன்றிலிருந்து வண்டியைத் தொடவில்லை, தொட்டது நான் ஒருத்தன்தான். வண்டியை மோப்பத்திடம் காட்டியபோது என் மனைவியும் கூட இருந்தாள். அந்த ஆள் அதே பழைய பாட்டைப் பாடினார். “யாரோ இன்னும் காலை எடுக்கல சார்.” அவள் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவை அழைத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் தணிந்தால் வருவாள். கம்பெனி சாமான் மட்டம், அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அதனால்தான் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று போனிலேயே சொன்னேன்.

இதோ, அந்தப் பாலம். ஏற்றத்தில் கொஞ்சம் உறுமும், பயப்படாதீர்கள். அந்த நாற்றம் இப்போது உங்களுக்கும் வரும். ஏன் சார், ரோட்டைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டு வருகிறீர்கள்? என் காலையா? மிதிக்கவில்லையே சார். சும்மாதான் வைத்திருக்கிறேன்.