ஊறுகாய் ஜாடியில் நாற்பத்தொன்று

16 நவம்பர் 2025, ஞாயிறு.

ஜாடிச் சீட்டில் தேதியைத் தவறாக எழுதிவிட்டேன். 15 என்று இருக்க வேண்டும். 14 என்று இருக்கிறது. சிறிய பிழைதான், ஆனாலும் உறுத்துகிறது.

திருப்பதியில் ஒரு மாலை வகுப்பில் சிலந்திகளை இனம் பிரிக்கப் படிக்கிறேன். ஓநாய்ச் சிலந்திகளில் சித்தூர்ப் பக்கத்தவைக்கு முதுகுக் கோடு அறுந்திருக்கும். சந்திரகிரியில் முழுதாக ஓடும். இரண்டும் தனிக் குழுக்கள் என்று கட்டுரை எழுதினேன். ஐந்து மாத உழைப்பு. நான் சந்தேகப்படாமல் செய்த ஒரே காரியம்.

வியாழக்கிழமை வகுப்பில், நகரியிலிருந்து வரும் கீர்த்தி எழுந்தாள்.

"தரணி, உன் ரெண்டும் ஒண்ணுதாம்பா. சந்திரகிரி ஏரிக்கரைக் கல்லாண்ட பாதி அறுந்த கோட்டோட ஓடிக்கினு கீது."

கைப்பேசியில் ஒரு மங்கல் படம் காட்டினாள்.

"படம் செல்லாது. சீசால போட்டு எடுத்தாரலியா?" என்றார் பாடம் எடுக்கும் கிருஷ்ணப்பா சார்.

"குட்டிங்கள முதுகுல தூக்கிக்கினு கீது சார். ஸ்பிரிட்ல போட மனசு வரல. ஞாயித்துக்கிழமை வாங்க, காட்றேன்."

சனிக்கிழமை காலையில் நான் தனியாக ஏரிக்கரைக்குப் போனேன். கீர்த்தி சொன்னது சரி. நாற்பத்தொரு தாய்ச் சிலந்திகளை ஊறுகாய் ஜாடி ஸ்பிரிட்டில் போட்டேன். குட்டிகள் முதலில் தாயை இறுகப் பிடித்தன, பிறகு உமிபோல் மிதந்தன. ஜாடியில் இன்னும் பழைய எண்ணெய் வாடை அடித்தது. ஒரு குட்டி என் கட்டைவிரலில் ஏறியது, தேய்த்தேன். ஈரமாக ஒரு புள்ளி. நான்கு முறை சோப்புப் போட்டும் அந்தக் கையால் சோறு பிசைய முடியவில்லை. அகப்படாதவை இருந்த பிளவுகளில் பிளாஸ்க் வெந்நீரை ஊற்றினேன்.

இன்று சார் ஒரு மணி நேரம் கல் புரட்டினார். ஒன்றுகூட அகப்படவில்லை.

"எங்கேர்ந்தோ ஒரு படத்த எடுத்துக்கினு வந்து கதை சொல்றியா?"

"நீயாச்சும் சொல்லு தரணி, நான் பொய் சொல்றவளா?" என்றாள் கீர்த்தி.

"நான் எதையும் பாக்கல" என்றேன். சார் வருகைப் பதிவில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

எனக்குப் பொய் பிடிக்காது. அதனால்தான் ஜாடிச் சீட்டில் இடத்தையும் எண்ணிக்கையையும் உள்ளபடி எழுதினேன். தேதி மட்டும் தவறாக இருப்பது நேர்மையல்ல.

நாளைய வேலை: சீட்டில் 15 என்று பென்சிலால் திருத்துவது, மூடியை இறுக்குவது, ஜாடியைக் கட்டிலுக்கடியில் பழைய இடத்திலேயே வைப்பது.